அருவா வீசிய இடத்தில் விளக்கைப் போட்டோம்

இப்போது தியேட்டர் வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளைப் பார்த்தால் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். கழுத்தில் அட்டை, இடுப்பில் வாக்கி டாக்கி. படம் கம்ப்யூட்டருக்குள் தானாக வந்து இறங்கிவிடுகிறது. பாப்கார்ன் சூடாக இருக்கிறதா, ஏசி ஓடுகிறதா என்று பார்த்தால் மேனேஜர் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். படப்பெட்டி எந்த பஸ்ஸில் வந்தது, ரீலை எப்படி ஒட்டினோம் என்றெல்லாம் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். அது தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கூட்டம் கோபமாக எழுந்து நிற்கிற நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். மெஷின் மாறிவிட்டது, கூட்டம் மாறவில்லை.

போன மாதம் உங்களில் ஒரு தம்பி போன் செய்தான். "சார், செகண்ட் பார்ட் வருது. முதல் பார்ட் எப்படிப் போச்சுன்னு தெரியும்ல? கண்ணை மூடிட்டுப் போட்டுரலாம்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஒரு இரண்டாம் பாகத்தைப் பற்றித்தான் இந்தக் கதை. கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மறுவீட்டுக்கும் வரும் என்று நினைத்து இலை போடுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? சினிமா வியாபாரத்தில் அவன்தான் புத்திசாலி என்று பெயர் வாங்குகிறான். மறுநாள் ருசிக்கிறது மீன் குழம்பு மட்டும்தான் தம்பி, படம் ருசிக்காது.

அதற்கு முன்னால், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேனேஜர் சொன்ன ஒரே ஒரு விஷயம். எண்பதுகளில் ராஜபாளையத்தில் அவருக்குக் கீழே நான் உதவியாளாக இருந்தேன். ஒரு பெரிய நடிகரின் படம், பாதியில் மெஷின் நின்றுவிட்டது. மில் ஷிப்டு முடிந்து வந்திருந்த கூட்டம் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. நான் மெஷினைப் பார்க்க கேபினுக்கு ஓடினேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். "முதல்ல வெளக்கப் போடுலே" என்றார். போட்டேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. பிறகு வெற்றிலையை மென்றுகொண்டே காரணம் சொன்னார். "இருட்டுல இருந்தா கூட்டம், வெளிச்சத்துல இருந்தா ஆளு. வெளக்கப் போட்டா அவனவன் பக்கத்துல யாரு உக்காந்திருக்கான்னு பாப்பான். மாமனாரு இருப்பாரு, வாத்தியாரு இருப்பாரு, வட்டிக்குக் குடுத்தவன் இருப்பான். எவன் பெஞ்ச ஒடைப்பான்?" எந்த நேரத்தில் விளக்கைப் போட வேண்டும் என்று தெரிந்தவன்தான் மேனேஜர், மற்றவனெல்லாம் டிக்கெட் கிழிக்கிறவன் என்பார். அந்த மனிதர் பெயரைச் சொன்னால் மேலுலகத்தில் இருந்தாலும் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

இனி என் கதை. தொண்ணூறுகளின் பின்பாதி. எங்கள் முதலாளிக்கு ராஜபாளையத்தில் ஒரு தியேட்டர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தியேட்டர். இரண்டுக்கும் நான்தான் மேனேஜர். முதலாளிக்கு உடம்பு முடியாமல் போனதும் அவருடைய மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். மெட்ராஸில் படித்தவர். மாப்பிள்ளை முதலாளி என்போம். கெட்டவர் இல்லை. ஆனால் தியேட்டர் வாசலில் ஒரு நாள்கூட நின்றிராத மனிதர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் கேட்டில் நின்றவன் அந்தோணி. மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். டிக்கெட் கிழிப்பது அவன் வேலை என்றாலும், அவனுக்காகவே கூட்டம் வந்த ஒரு விஷயம் உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் சண்டைப் படங்கள் தமிழ் பேசாமல்தான் எங்கள் ஊருக்கு வரும். அந்தோணி திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுவான். அவன் பேசும்போது ஆபரேட்டர் படத்தின் சத்தத்தைக் குறைப்பார், சண்டை வந்ததும் ஏற்றுவார். அடி விழும்போது பேசக் கூடாது என்பது அந்தோணியின் கொள்கை. அந்தோணிக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்காதீர்கள். படம் எடுத்தவனுக்கே கதை தெரியாதபோது இங்கிலீஷ் தெரிந்து என்ன ஆகப்போகிறது.

இந்தக் கதை நடப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படம் வந்தது. வீடியோ கேம் கடையில் பையன்கள் காசைப் போட்டு, குச்சியைப் பிடித்து ஆட்டி, பொம்மைகளை அடித்துக்கொள்ள வைப்பார்களே, அந்த விளையாட்டைப் படமாக எடுத்திருந்தார்கள். ஏழு உலகங்களைப் பிடிக்க ஒரு சிவப்பு அங்கிக்காரன் வருகிறான், நல்லவர்கள் தடுக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தோணி நல்லவனுக்கு மாடசாமி என்று பெயர் வைத்தான். இரண்டு கையிலும் வளைந்த கத்தி வைத்திருந்த பெண் அருவா அக்கா. சிவப்பு அங்கிக்காரன் பண்ணையார். "ஏழு ஊரு கண்மாயையும் ஒருத்தனே அமுக்கப் பாக்கான்யா" என்று மைக்கில் சொன்னான் பாருங்கள், கூமாப்பட்டியில் இருந்து வந்திருந்த விவசாயிகள் பண்ணையாரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். படம் நன்றாக ஓடியது. அதில் படத்துக்கு எவ்வளவு பங்கு, அந்தோணிக்கு எவ்வளவு பங்கு என்று மாப்பிள்ளை முதலாளி யோசித்துப் பார்க்கவில்லை.

அதனால் ஆடிப்பூரத் தேர் வாரத்துக்கு அதன் இரண்டாம் பாகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். தேருக்கு ஊரே திரண்டு வரும். தியேட்டருக்கு வருஷத்தில் அதுதான் பெரிய வாரம். குடும்பப் படம் ஒன்று போடுங்கள் என்று சொன்னேன். "மேனேஜர், இது ஃபார்முலா" என்றார். படக் கம்பெனியின் ரெப்பும் மதுரையில் இருந்து வந்து சேர்ந்தார். படக் கம்பெனிக்காகத் தியேட்டரில் உட்கார்ந்து டிக்கெட்டைச் சரிபார்க்கிற பிரதிநிதியைத்தான் ரெப்பு என்போம். அவரும் தலையை ஆட்டினார். தலையாட்டுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த வருஷப் பொங்கலுக்கு எங்கள் தியேட்டரில் தகராறு. கேட்டில் தள்ளுமுள்ளு, அந்தோணி ஒருவனைத் தள்ளிவிட, உள்ளே நாற்காலிகள் உடைந்தன. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு எச்சரித்தார். மாப்பிள்ளை முதலாளி என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தகராறு நடந்தால் அந்தோணிக்கு வேலை கிடையாது. அந்தோணியிடம் அதை நானே சொன்னேன். "இந்த வேலையும் போச்சுன்னா ஆலங்குளத்துல மச்சினன்மாரு முன்னால போயி நிக்கணும் அண்ணாச்சி. அவிய ஏற்கனவே என்னைய சினிமாக்காரன்னுதான் கூப்பிடுதாவ" என்றான்.

பெட்டி தேர் அன்று காலையில்தான் வந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லை. தேர் வடம் பிடித்துவிட்டு வந்த கூட்டம் மேட்னிக்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தோணி கையைப் பிசைந்தான்.

"படத்தைப் பாக்காம எப்படிண்ணே கதை சொல்லுவேன்?" என்று ரெப்பிடம் கேட்டான்.

"அட, அதே ஆளுகதாய்யா. அதே கதைதான். போய் மைக்கப் பிடி" என்றார் ரெப்பு.

அவர் மதுரையில் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவர். பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னார். அதே ஆட்கள் இல்லை, தம்பி. முதல் பாகத்தில் நடித்தவர்கள் இரண்டாம் பாகத்தின் கதையைக் கேட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பெயர்கள் பழையவை, மூஞ்சிகள் எல்லாம் புதியவை. மாடசாமியாக நடித்தவனுக்குப் பதில் தாடி வைத்த வேறொருவன். அருவா அக்காவும் வேறு, கையில் இருந்த அருவாதான் பழையது. அதை வைத்துத்தான் அந்தோணியால் அவளை அடையாளம் காண முடிந்தது.

படம் தொடங்கியது. வானம் ரோஸ் மில்க் நிறத்தில் பிளந்தது. முதுகில் ஜிப் தெரிகிற ஒரு ரப்பர் மிருகம் இறங்கி வந்தது. நடந்து போக வேண்டிய இடத்துக்கெல்லாம் எல்லோரும் குட்டிக்கரணம் அடித்தே போனார்கள். அப்போது பார்ப்பதற்குப் பழைய மாடசாமி போலவே இருந்த ஒரு ஆள் செத்து விழுந்தான். யாரோ ஒரு துணைப் பாத்திரம். தாடிக்காரன் அவன் உடம்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து கத்தினான். துக்கத்தில் கத்துகிறானாம். அந்த நடிகன் முகத்தில் துக்கம், சிரிப்பு, பல்வலி எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

அந்தோணி ஒரு விநாடி திகைத்தான். பிறகு மைக்கில் அவன் குரல் வந்தது.

"மாடசாமி செத்துட்டான்யா."

கொட்டகை அப்படியே உறைந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"கொன்னவன் யாரு? பண்ணையாரு கூடப்பொறந்த தம்பி. இந்தா நிக்கான் பாருங்க தாடிக்காரன். கொன்னுபோட்டு எப்படிச் சிரிக்கான் பாருங்க."

படத்தின் கதாநாயகனைக் கொலைகாரனாக்கிவிட்டான். இடைவேளை வரைக்கும் அப்படியே கொண்டுபோனான். படத்தில் அருவா அக்கா தாடிக்காரனுடன் சேர்ந்து சுற்றுகிறாள், அவனுக்குக் காயம் பட்டால் கட்டுப் போடுகிறாள். அதற்கும் அந்தோணி காரணம் சொன்னான். "கூட இருந்தே கழுத்தறுக்கப் போறா. செத்த நேரம் பொறுங்க." அதன் பிறகு அவள் தாடிக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டது. படம் எடுத்தவன் இத்தனை செலவு செய்தும் கொண்டுவர முடியாத பதைப்பை, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இவன் கொண்டுவந்தான். பின் வரிசையில் இருந்த பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர், அந்த விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர்கள், "ஏ தப்பு, அவன்தான் ஹீரோ" என்று கத்தினார்கள். "சும்மா கெடலே, கதையக் கேக்க விடு" என்று கொட்டகையே அவர்களை அமுக்கியது.

இடைவேளையில் என் அறைக்குள் ரெப்பு புகுந்தார். அந்த மாணவர்களும் வந்து விவரத்தைச் சொன்னார்கள். அந்தோணியும் மைக்கை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்து நின்றான்.

"படத்தையே கொன்னுட்டான்யா. மைக்குல மன்னிப்புக் கேட்டுட்டு சரியான கதையச் சொல்லச் சொல்லுங்க. இல்லைன்னா மைக்கை அமத்துங்க" என்றார் ரெப்பு.

"நான் சொல்லிருதேன் அண்ணாச்சி. தப்பு என் மேலதான்" என்றான் அந்தோணி.

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். முறுக்கும் கலருமாக நின்ற கூட்டம் முழுக்க ஒரே பேச்சு: அருவா அக்கா எப்போது வெட்டுவாள்? கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா, "வெட்டாம விட்டுருவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் கூட்டத்திடம் போய், நீங்கள் இவ்வளவு நேரம் சபித்தவன்தான் நல்லவன் என்று சொன்னால் என்ன ஆகும்? நாற்காலி உடையும். கேட்டில் இன்ஸ்பெக்டர் அனுப்பிய போலீஸ்காரர் நிற்கிறார். சாயங்காலமே அந்தோணி ஆலங்குளத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். மைக்கை அணைத்தாலும் அதேதான். கதையைப் பாதியில் நிறுத்தினால் கோபப்படாத கூட்டம் எங்கே இருக்கிறது.

உண்மையைச் சொல்வது நல்ல குணம் தம்பி. ஆனால் எந்த உண்மை, யாருக்கு வேண்டிய உண்மை என்று பார்க்க வேண்டும். முதுகில் ஜிப் வைத்த மிருகத்தின் உண்மையைக் காப்பாற்ற ஒரு மனிதனின் வேலையைப் பலி கொடுக்க நான் தயாராக இல்லை.

"முடிவுல என்ன நடக்கும்?" என்று ரெப்பிடம் கேட்டேன்.

"தாடிக்காரனுக்குப் பின்னால மிருகம் வந்து நிக்கும். அந்தப் பொம்பள அருவாளை வீசுவா. மிருகம் சாகும். பொறவு ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு, உலகத்தைப் பத்திப் பேசுவாங்க."

"அருவா எந்தப் பக்கமாப் பறக்கும்?"

"நேரா அவன் மூஞ்சிக்கு வரும். காதை ஒட்டிப் போயி மிருகத்து மேல எறங்கும். எதுக்குக் கேக்கீங்க?"

நான் கேபினுக்குப் படியேறினேன். ஆபரேட்டரிடம், "அந்தப் பொம்பள கையை விட்டு அருவா கெளம்புனதும் படத்த நிறுத்திரும்" என்றேன். அவர் பழைய ஆள். என்னை ஒரு தடவை பார்த்தார். "படம் முடிஞ்ச மாதிரி வணக்கம் சிலைடு போட்டுரட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தோணியிடம், "ஏலே, சொன்ன கதைய மாத்தாத. அவ அருவா வீசுற வரைக்கும் கொண்டு வந்துரு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவன் மைக்கைப் பிடித்தான். கடைசிக் காட்சிக்கு வந்தபோது கொட்டகையில் ஒரு குழந்தைகூட அழவில்லை. நான் கதவோரம் விளக்குச் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். திரையில் மிருகம் வந்தது. அருவா அக்கா கையை ஓங்கினாள்.

"மாடசாமிய நெனைச்சுக்கிட்டா" என்றான் அந்தோணி மெதுவாக.

அருவா பறந்தது. தாடிக்காரன் முகத்துக்கு நேரே வந்தது. படம் நின்றது, விளக்குகள் எரிந்தன, வெள்ளைத் திரையில் வணக்கம் வந்தது. "விழுந்துச்சுய்யா வெட்டு" என்றான் அந்தோணி. அப்படி ஒரு விசிலை நான் எந்தப் பெரிய நடிகர் படத்துக்கும் கேட்டதில்லை. பிறகு எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டு சிரித்தபடியே வெளியே போனார்கள். போலீஸ்காரர்கூடக் கதையை விசாரித்தார்.

"கடைசிப் பத்து நிமிஷத்த வெட்டிட்டீங்களே" என்று ரெப்பு குதித்தார்.

"மதுரையில அந்தப் பத்து நிமிஷத்தையும் இருந்து பாத்த ஆளு உம்மத் தவிர வேற யாரும் உண்டுமா?" என்று கேட்டேன். அவரும் கடமைக்காகத்தான் பார்த்திருப்பார்.

தேர் வாரம் முழுக்க அந்தோணி அதே கதையைச் சொன்னான், நான் அதே இடத்தில் விளக்கைப் போட்டேன். கூமாப்பட்டி ஆட்கள் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். பார்த்தவர்களே இரண்டாம் தடவை பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு சின்ன சண்டைகூட நடக்கவில்லை.

திருவிழாக் கடைகளைப் பிரித்த அன்று மாப்பிள்ளை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அந்தோணிய நாளைல இருந்து வர வேண்டாம்னு சொல்லிருங்க மேனேஜர்" என்றார்.

"தகராறு நடந்தாத்தானே முதலாளி அப்படிப் பேச்சு? ஒண்ணும் நடக்கலியே."

"ரெப்பு மதுரை ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டாரு. கதையையே மாத்திச் சொல்ற தியேட்டருக்கு இனிமே எப்படிப் படம் குடுக்கிறதுன்னு கேக்கறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு. கேட்ல நிக்கிற ஆளு வாய்க்கு வந்ததச் சொல்றதும், நீங்க அதுக்கு வெளக்குப் போடறதும்... ஏமய்யா இதி?" கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும்.

வாதாடிப் பார்த்தேன். நானும் போகிறேன் என்றேன். அந்தோணிதான் என்னைத் தடுத்தான். எனக்கு அவன்மேல் அப்போது வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. "தப்பாத்தான சொன்னேன் அண்ணாச்சி. அவிய சொல்றது நியாயந்தான்" என்றான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை போனதைவிட, ஒரு நல்ல கதையைக் கெடுத்துவிட்டோம் என்று அவன் நிஜமாகவே நம்பினான். குடும்பத்தோடு ஆலங்குளத்துக்குப் போனான். மச்சினன்மார் பிடித்துக்கொடுத்த, லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

சில வாரம் கழித்து மறுவீட்டுக்கும் மறுவீடு. அந்தத் தேர் வார வசூலைக் காட்டி, யார்? அதே ரெப்பு, அந்தப் படத்தின் தமிழ் பேசும் பிரதியை ராஜபாளையம் தியேட்டருக்கு மாப்பிள்ளை முதலாளியிடம் தள்ளிவிட்டார். "கதை இப்ப சுத்தத் தமிழ்ல, ஒரு வார்த்தை தப்பில்லாம" என்று நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்கள். சொன்னபடியே கூட்டம் வந்தது. மில் ஆட்கள், சோழபுரத்து ஆட்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துவிட்டு மறுபடி வந்தவர்கள்.

தாடிக்காரன் வாயைத் திறந்தான். "ஓ நண்பர்களே, நாம் உலகத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும்" என்றான். எந்த ஊர்த் தமிழ் என்று யாருக்கும் விளங்கவில்லை. கூட்டம் முதலில் முணுமுணுத்தது. வீடியோ கேம் கடையில் காசைப் போட்டுவிட்டு அடுத்தவன் ஆடுவதைப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிற பையனின் முகம் எப்படி இருக்கும்? கொட்டகை முழுக்க அந்த முகம்தான். ஆனாலும் அருவா வீசுகிற இடத்துக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அருவா பறந்தது. காதை ஒட்டிப் போய் ரப்பர் மிருகத்தில் இறங்கியது. பண்ணையார் தம்பியை அருவா அக்கா கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பெஞ்சுகள் இடிக்கத் தொடங்கின. விளக்கைப் போட்டேன். சத்தம் குறைந்தது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. கத்துகிற கூட்டத்தைவிட, எழுந்து போகாத கூட்டம் ஆபத்து. முன்வரிசையில் ஒரு மில் பெரியவர் எழுந்து, எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார்.

"மேனேஜரய்யா, தேருக்கு வில்லிபுத்தூர்ல ஓடுச்சே, அதுதான் ஒரிஜினலு. இது எவனோ டூப்ளிகேட்டு அடிச்சிருக்கான். ஒரிஜினலப் போடுங்க, பாத்துட்டுப் போறோம்."

ரெப்பு மேடையில் ஏறி, "இதுதான்யா உண்மையான கதை" என்றார்.

"நீரு படத்தப் பாக்கல போல இருக்கு" என்றார் பெரியவர் அமைதியாக.

மாப்பிள்ளை முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். கூட்டத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக நேரில் பார்க்கிறார். நான் அவரைக் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. "எல்லாரும் இதே டிக்கெட்ட வச்சுக்கிட்டு நாளைக்கு மேட்னிக்கு வாங்க. ஒரிஜினல் ஓடும். அந்தோணி வருவான்" என்றேன். முதலாளியின் தியேட்டரில், முதலாளி விரட்டிய ஆள் பெயரில் வாக்குக் கொடுத்தேன். மேனேஜருக்குச் சில நேரம் அதிகாரம் யாரும் கொடுத்து வராது, வாயில் இருந்துதான் வரும். கூட்டம் எழுந்து போனது. மாப்பிள்ளை முதலாளி டிரைவரைக் கூப்பிட்டுக் காரை ஆலங்குளத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையிலேயே அந்தோணி வந்துவிட்டான். தலைமுடியில் இன்னும் சுண்ணாம்புத் தூசி. "அண்ணாச்சி, படத்த ஒரு தடவ பாத்துருதேன். இந்தத் தடவ தப்பு வரக் கூடாது" என்றான். ஆபரேட்டர் அவனுக்காக மட்டும் படத்தை ஓட்டினார். காலிக் கொட்டகையில் அந்தோணி தனியாக நடுவில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, கடைசிப் பத்து நிமிஷம் உட்பட எல்லாவற்றையும் தமிழில் கேட்டான். நானும் மாப்பிள்ளை முதலாளியும் ரெப்பும் பின்னால் நின்றோம். நடுவில் ரெப்பு கொட்டாவி விட்டார்.

படம் முடிந்ததும் அந்தோணி எழுந்து எங்களிடம் வந்தான்.

"இதுதான் சரியான கதையா அண்ணாச்சி?"

"ஆமாடே."

அவன் மாப்பிள்ளை முதலாளி பக்கம் திரும்பினான். குரலில் கோபமே இல்லை. "இதத் தப்பாச் சொன்னேன்னா முதலாளி என்னைய அனுப்புனீய?" என்று கேட்டான். "எம்புட்டுப் பெரிய கதையக் கெடுத்துட்டேனோன்னு இத்தன நாளா கல்லு சொமக்கும்போதெல்லாம் மருகிக்கிட்டுக் கெடந்தேன்."

மாப்பிள்ளை முதலாளி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தோணியின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

"நாளைல இருந்து கேட்டுக்கு எத்தன மணிக்கு வரணும் முதலாளி?" என்றான் அந்தோணி.

"எப்பவும் போல வா" என்றார் அவர்.

மேட்னிக்கு, கையில் பழைய டிக்கெட்டோடு அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அந்த மில் பெரியவர் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தோணி ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கைத் தட்டிப் பார்த்தான். வானம் ரோஸ் மில்க் நிறத்தில் பிளந்தது. "ஓ நண்பர்களே" என்று படம் பேச ஆரம்பித்தது. அந்தோணி வாயைத் திறக்காமல் கேபின் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஆபரேட்டர் என்னைப் பார்த்தார், நான் மாப்பிள்ளை முதலாளியைப் பார்த்தேன், அவர் ரெப்பைப் பார்த்தார். தப்பில்லாத தமிழை விற்றுக் காசாக்க வந்த ரெப்பு, தானே கேபினுக்குள் போய்ப் படத்தின் சத்தத்தை முழுசாக அணைத்தார்.

"மாடசாமி செத்துட்டான்யா" என்றான் அந்தோணி. கொட்டகை அடங்கியது. நான் போய் விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.